எழுத்துருவும் தோட்டப்பள்ளியும்: முத்து நெடுமாறனின் பணியும் மலேசியத் தமிழரின் கணினிக் கட்டமைப்பும்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், தாப்பாவுக்குத் தெற்கே, பழைய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் பீடோர். ஈயமும் இரப்பரும் வளர்த்த ஊர் அது. அதனைச் சூழ்ந்திருந்த தோட்டங்களில் பால்மரம் சீவ வந்த தமிழரின் பிள்ளைகளுக்காக எழுந்தவையே இவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் நிருவாகமே பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்திற்கு ஒரு கூரையும் ஓர் ஆசிரியரும் போதுமானவையாக இருந்தன. இப்பள்ளிகளின் கட்டடம், ஆசிரியர், பாடநூல் ஆகியவற்றின் வரலாற்றை நம் ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். எழுதுகருவியின் வரலாறு மட்டும் பெரிதும் கவனிக்கப்படாமல் உள்ளது. சிலேட்டும் குச்சியும் போய்த் தாளும் பேனாவும் வந்தன. தட்டச்சுப்பொறியும் படிப்பெருக்கியும் வந்தன. பின்னர்க் கணினி வந்தது.

கணினி தமிழ்ப்பள்ளிக்கு வந்த வரலாறும் கணினிக்குள் தமிழ் வந்த வரலாறும் வேறு வேறானவை. முன்னது அரசாணைகளிலும் ஒதுக்கீடுகளிலும் பதிவாகியுள்ளது. பின்னது, சம்பளம் தராத வேலையாக இரவு நேரங்களில் சிலர் செய்து முடித்தது. அவருள் மலேசியாவில் முதலிடம் பெறுபவர் முத்து நெடுமாறன். அவர் தம் பணியைச் சமுதாயக் கட்டமைப்பாகக் கொண்டு நோக்குவதும், பீடோர் போன்ற ஊர்களின் தமிழ்ப்பள்ளிக்கு அதனால் நேர்ந்ததும் நேராததும் யாவை என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

தட்டச்சுப்பொறி விட்டுச்சென்றது

தமிழ் எழுத்தை இயந்திரத்திற்குள் அடக்கும் முயற்சியில் இத்தீபகற்பத்திற்குத் தொடக்கம் முதலே பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றில் பணியாற்றிய இரா. முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியவர் என்பது பலரும் அறிந்ததே. 1930-களில் ஜெர்மனியில் செய்யப்பட்டு அவர் பொறி விற்பனைக்கு வந்தது. 247 எழுத்துகளை நாற்பதுக்குச் சற்று மிகுந்த விசைகளில் அடக்குதல் எளிதன்று. எழுத்தைத் துண்டுகளாகப் பிரித்தார். புள்ளியையும் கொம்பையும் தனி விசைகளாக்கினார். சில விசைகள் அழுத்தப்படும்போது தாள் நகராதிருக்கச் செய்தார்.

இதன் விளைவு ஒன்றைத் தமிழாசிரியர் எண்ணிப் பார்த்தல் தகும். தட்டச்சில் 'கெ' என்று எழுத முதலில் கொம்பை அடித்துப் பின்னரே ககரத்தை அடிக்க வேண்டும். காதில் விழும் வரிசை மெய்யும் உயிரும். கை எழுதும் வரிசை கொம்பும் ககரமும். பொறி கையின் வரிசையை ஏற்றது, ஒலியின் வரிசையைக் கைவிட்டது. கணினி வந்தபொழுது எந்த வரிசையை ஏற்பது என்னும் இவ்வினாவே மீண்டும் எழுந்தது. அதற்கு விடை காண இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

முரசு அஞ்சல்

தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன். 1997-இல் வெளிவந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்னும் பெருந்தொகுப்பை உருவாக்கியவர் தந்தையார் என்பது இத்துறையினர்க்குக் கூறாமலே விளங்கும். மகன் பொறியாளர். 1985-ஆம் ஆண்டில், கணினித் திரையில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே தோன்றிய காலத்தில், அவர் தமிழில் எழுதுவதற்கான மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதற்கு 'முரசு' என்று பெயரிட்டார். 1990-களில் அது விண்டோஸ் இயங்குதளத்திற்கு வந்தது. மின்னஞ்சலும் பரவத் தொடங்கியபின் 'முரசு அஞ்சல்' என்னும் பெயரால் உலகத் தமிழரிடையே அறியப்பட்டது.

அக்காலத்தில் தமிழ் மென்பொருள் செய்தவர் இவர் ஒருவரே அல்லர். தமிழகத்திலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஆங்காங்கே பலர் இதே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தனர். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழக விரிவுரையாளராக இருந்தவாறே 'கணியன்' என்னும் முறையை வகுத்தார். 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் பன்மொழிக் கவிதைப் பக்கங்களின் பகுதியாகத் தமிழ் இணையத்தில் ஏறியது. ஒருவரும் மற்றவரைக் கேட்டுச் செய்யவில்லை. கேட்க ஓர் அவையும் அன்று இல்லை. அதன் விலையை அடுத்த பத்தாண்டுகள் கொடுக்க நேர்ந்தது.

குறியேற்றம் என்னும் பாபேல்

கணினி எழுத்துகளை அறியாது, எண்களையே அறியும். இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்று வகுப்பதே குறியேற்றம். அன்றைய முறையில் கிடைத்த இடங்கள் 256. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்திற்கும் குறிகளுக்கும் உரியது. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழை அடக்க வேண்டும். கால், கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவை தனித்து நிற்பவை ஆதலின் 247 இடங்கள் தேவைப்படவில்லை. ஆயினும் உகர, ஊகார உயிர்மெய்கள் முப்பத்தாறும் தத்தமக்கென வடிவுடையன. அவற்றுக்குத் தனியிடம் வேண்டும். 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் 'ணா', 'றா', 'னா' முதலியவற்றை ஒழுங்குபடுத்தியமையால் சில இடங்கள் மிஞ்சின என்பதையும் ஈண்டுக் குறிப்பிடலாம். அச்சுக்கோப்பவரின் சுமையைக் குறைத்த அச்சீர்திருத்தம், கணினிக்கும் உதவியது.

ஒவ்வொரு மென்பொருளாளரும் இவ்விடங்களைத் தம் விருப்பப்படி நிரப்பினர். ஒருவர் ககரம் வைத்த இடத்தில் மற்றவர் ஞகரம் வைத்தார். ஓர் எழுத்துருவில் தட்டிய வினாத்தாளை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே திரையில் நிற்கும். 1990-களில் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் எவரும் இதனை மறந்திருக்க மாட்டார். தேர்வு நாளுக்கு முன்தினம் நெகிழ்வட்டோடு அச்சுக் கடைக்குச் சென்று, கடையில் அதே எழுத்துரு இல்லாமையால் வெறுங்கையோடு திரும்பி, இரவு முழுதும் கையால் எழுதிப் படியெடுத்த கதையை நாமும் கேட்டிருக்கிறோம். நமக்கும் ஒருமுறை நேர்ந்ததுண்டு.

இந்நிலையை மாற்ற மூன்று முயற்சிகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியால் கூடிய 'தமிழ்நெட் 97' கருத்தரங்கு, சிதறிக்கிடந்தோரை முதன்முறையாக ஓரிடத்தில் சேர்த்தது. அதன்பின் கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் முதலிய தன்னார்வலர் பலர் மின்மடல் வழியே கலந்தாய்ந்து 'திஸ்கி' என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். ஆங்கிலத்தின் முதற்பாதியைத் தொடாமல் மேற்பாதியில் தமிழை வைத்தமையால் ஒரே எழுத்துருவில் இருமொழியும் இயன்றன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியேற்றங்களையும் 'தமிழ் 99' விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. தரம் வேண்டிப் புறப்பட்டவர்க்குத் தரங்கள் பல கிடைத்தன. அவ்வாண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானது இவ்வியக்கத்திற்குப் பேரிழப்பு.

மூன்றாவது ஒருங்குறி. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் அது இந்திய அரசின் 'இஸ்கி' அட்டவணையைத் தழுவியது. வடஇந்திய மொழிகளின் அடுக்கில் தமிழைப் பொருத்தியது. அகரமேறிய ககரமே அடிப்படை. அதனோடு புள்ளி சேர்ந்தால் மெய். மெய்யே முதல், உயிர் ஏறியது உயிர்மெய் என்று நூற்பா வழி கற்ற நமக்கு இது தலைகீழாகவே தோன்றும். 'வணக்கம்' என்னும் சொல்லில் நாம் எண்ணும் எழுத்து ஐந்து. ஒருங்குறி எண்ணுவது ஏழு. தமிழறிஞர் பலர் இதனை எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பில் இலக்கண நியாயம் இருந்தது. மெய்யையும் உயிர்மெய்யையும் தனித்தனி எண்களாக வைக்கும் 16 பிட்டுக் குறியேற்றத்தை ஒருங்குறியோடு இணைத்து 2010-இல் தமிழக அரசு ஏற்றதும் அந்நியாயத்தின் அடையாளமே.

முத்து நெடுமாறன் இங்கு எடுத்த நிலைப்பாட்டை நாம் முக்கியமானதாகக் கருதுகிறோம். குறையுடைய ஒருங்குறியையே ஏற்று, அதில் தமிழ் செவ்வனே இயங்குவதற்கான எழுத்துருக்களையும் விசைமுகங்களையும் உருவாக்குவதில் அவர் தம் உழைப்பைச் செலுத்தினார். 2000-ஆம் ஆண்டு சூலையில் சிங்கப்பூர் மாநாட்டில் தோன்றிய உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமத்தின் பொறுப்புகளிலும் இதையே வலியுறுத்தினார். ஒருங்குறியில் எண் எதுவாயினும் ஒலியின் வரிசையே சேமிக்கப்படும். ககரத்தின் பின்னரே எகரக் குறி. கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டும் வேலை எழுத்துருவுக்கும் இயங்குதளத்திற்கும் உரியது. தட்டச்சுப்பொறி கைவிட்ட ஒலிவரிசை இவ்வாறு மீண்டது. இலக்கண நிறைவுக்காகக் காத்திருந்திருப்பின் உலகக் கணினிகளில் தமிழ் நுழைய இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ! அறிஞரின் எதிர்ப்பு கோட்பாட்டளவில் சரி. அவர் முடிவு காலத்தளவில் சரி என்பதே நம் கருத்து.

விசைப்பலகையும் வகுப்பறையும்

அஞ்சல் விசைமுகம் உரோமன் எழுத்தின் வழியே தமிழைத் தட்டும் முறை. 'அம்மா' என்னும் ஒலியை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் திரையில் தமிழ் தோன்றும். மலாயையும் ஆங்கிலத்தையும் உரோமன் எழுத்தில் கற்கும் மலேசிய மாணவர்க்கு இது பத்து நிமிடத்தில் கைவரும். நாம் அறிந்த ஆசிரியர் பலரும் இதனையே கையாள்கின்றனர்.

ஆயினும் பயிற்றியல் நோக்கில் ஒரு தடை உண்டு. ளகர, லகர, ழகர வேறுபாட்டையும், றகர, ரகர வேறுபாட்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று நினைவில் கொள்ளும் பிள்ளை, தமிழை வேறொரு மொழியின் நிழலில் எழுதப் பழகுகிறது. தமிழ் 99 இதற்கு மாறானது. அதில் உயிர்கள் இடக்கைப் புறம், மெய்கள் வலக்கைப் புறம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலதற்குப் புள்ளி தானே அமையும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும் அவ்வாறே. இனவெழுத்து என்று நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை விரல்களே கற்றுக்கொள்கின்றன. முரசு அஞ்சல் இவ்விரு முறைகளையும் வழங்கியது. எதனைக் கற்பிப்பது என்பது பள்ளியின் முடிவாக விடப்பட்டது. பெரும்பாலும் யாரும் முடிவு செய்யவில்லை; எளிதானது வென்றது. மென்பொருளாளர்மீது இக்குறையைச் சாற்றுதல் முறையாகாது. தமிழாசிரியராகிய நாம் அன்று விசைப்பலகையைக் கலைத்திட்டத்தின் பகுதியாக எண்ணவில்லை.

எண்ணாமைக்குக் காரணமும் இருந்தது. 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கியபின் கணினிக் கல்வி நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கருவிகள் பரவலாக வந்து சேர்ந்தது 2003-இல். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் அவ்வாண்டு முதலாம் ஆண்டில் தொடங்கியபோது மடிக்கணினியும் படவீழ்த்தியும் குறுவட்டுகளும் வந்தன. தமிழ்ப்பள்ளியின் வகுப்பறைக்குள் கணினி நுழைந்த வாயிலே, அவ்விரு பாடங்களிலிருந்து தமிழ் வெளியேறிய வாயிலாகவும் இருந்தது. கருவியோடு வந்த பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. 2009-இல் எடுத்த முடிவின்படி 2012 முதல் இத்திட்டம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை மாணவர் கணினியை ஆங்கிலத்தின் கருவியாகவே பழகிவிட்டனர்.

கைக்குள் வந்த தமிழ்

தோட்டப்புறக் குடும்பங்களுக்குக் கணினி எட்டாத பொருளாக இருந்தபோதே கைப்பேசி எட்டியது. 2005-ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி முத்து நெடுமாறன் 'செல்லினம்' என்னும் செயலியைச் சிங்கப்பூரில் அறிமுகப்படுத்தினார். தமிழ் காட்டவே அறியாத கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுதவும் படிக்கவும் அது வழிசெய்தது. உரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள், ஒருங்குறியில் எழுபதே. புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம் கணக்கிடப்படுமாதலால் தமிழில் எழுதுபவர் அதே செய்திக்கு இருமடங்கோ மும்மடங்கோ கட்டணம் செலுத்த நேரும். தாய்மொழியில் எழுதுவதற்குத் தண்டம் கட்டுவது போன்ற இந்நிலை, இணையவழிச் செய்திகள் வந்தபின்னரே நீங்கியது.

இதன்பின் அவர் பணி கண்ணுக்குப் புலப்படாத திசையில் வளர்ந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளில் தமிழ் இடம்பெற்றபோது அதன் எழுத்துரு அவர் வடித்த 'இணைமதி'. விசைமுகங்கள் அஞ்சலும் தமிழ் 99-உம். பின்னர் வந்த 'தமிழ் சங்கம் எம்என்' முதலிய எழுத்துருக்களின் பெயரில் உள்ள இரண்டெழுத்து அவர் பெயரின் முதலெழுத்துகளே. மலையாளம், கன்னடம், வங்காளம், சிங்களம், கெமர், இலாவோ, பர்மியம் ஆகிய எழுத்துகளுக்கும் அதே அடையாளமுடைய எழுத்துருக்கள் உள்ளன. மலேசியத் தமிழர் ஒருவர் தென்கிழக்காசியப் பிறமொழியினர்க்கு எழுத்து வடித்தளித்தார் என்பது நம் வரலாற்றில் தனிக்குறிப்புப் பெறத்தக்கது. இவ்வெழுத்துகள் யாவும் பிராமியின் வழிவந்தவை என்பதால் கொம்பை முன்தள்ளும் சிக்கலும் அவற்றுள் பலவற்றுக்குப் பொதுவே.

யாருடைய உடைமை?

இங்கு ஒரு கேள்வியைத் தவிர்த்தல் இயலாது. ஒரு நிறுவனத்தின் இயங்குதளத்திற்குள் வைக்கப்பட்ட எழுத்துரு சமுதாயத்தின் உடைமையாகுமா? கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் இதற்கு ஆகாது என்பர். அவர்கள் சென்ற வழி வேறு. லினக்சைத் தமிழாக்கிய தன்னார்வலரும், 'எ-கலப்பை' விசைமுகத்தை வழங்கியோரும், 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பியோரும் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளத்தக்க வடிவில் தம் உழைப்பைப் பொதுவில் வைத்தனர். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமும் அவ்வகையதே.

பேராக்கைச் சேர்ந்தவர்க்கு இக்கேள்வி புதியதன்று. 1950-களில் ஐரோப்பியர் தம் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, வேலையையும் குடியிருப்பையும் ஒருசேர இழந்த தொழிலாளர்க்காகச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் பத்து வெள்ளி வீதம் தொழிலாளர் செலுத்திய பங்குப் பணத்தில் மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறர் நிலத்தில் கூலியாக இருந்தவர் பங்குடையவர் ஆயினர். கணினித் தமிழில் மலேசியத் தமிழர் அத்தகைய கூட்டுறவு எதனையும் உருவாக்கவில்லை. ஒருவரின் திறமையையும் அவர் பெற்ற நம்பிக்கையையுமே சார்ந்திருந்தனர். அவர் நல்லவராக வாய்த்தது நம் நற்பேறு.

கருவியை ஊருக்குப் பொதுவாக்கிய முயற்சிக்குப் புதுச்சேரி சான்றாகும். 1998-இல் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு ஊர்களில் தகவல் நிலையங்களை அமைத்தது. எம்பலத்தில் கோயிலே அதற்கு இடமளித்தது. மீனவர் வாழும் வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து பெற்ற அலை உயர முன்னறிவிப்பைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தனர். எழுத்தறியாதவரும் பயன்பெற்றனர். மாறாக, 2001-இல் மதுரை மாவட்டத்து மேலூரில் கட்டண அடிப்படையில் தொடங்கிய இணைய நிலையங்களுள் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடப்பட்டன. கோயில் திண்ணையும் ஒலிபெருக்கியும் ஊர்க்காரரின் பழக்கத்தில் ஏற்கனவே இருந்தவை; கட்டணக் கடை அவ்வாறன்று.

பெருந்தொற்றும் பழைய தாள்களும்

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்து பள்ளிகள் மூடப்பட்டன. பல வீடுகளில் இருந்தது தந்தையின் கைப்பேசி ஒன்றே. அவர் வேலை முடிந்து திரும்பிய பின்னரே பிள்ளைகள் மாறிமாறிப் பாடம் படித்தனர். அலைவரிசை கிடைக்காத செம்பனைத் தோட்டப்புறங்களில் அதுவும் அரிதாயிற்று. ஆயினும் ஆசிரியர் தமிழில் எழுதி அனுப்பிய பாடம் எந்தக் கைப்பேசியிலும் தமிழாகவே தெரிந்தது. எழுத்துரு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. 1990-களின் நெகிழ்வட்டை நினைவில் வைத்திருப்பவரே அதன் அருமையை அறிவர்.

அந்நெகிழ்வட்டுகள் என்னவாயின என்பதும் நம் துறை கேட்க வேண்டிய கேள்வி. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்தபின் பேராக்கில் பள்ளிகள் சில இடம் மாறின. சிலவற்றில் மாணவர் அருகினர். அப்பள்ளிகளின் விளையாட்டு விழா மலர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்க அறிக்கைகள், மாணவர் கையெழுத்திதழ்கள் ஆகியவையே தோட்ட வாழ்வின் அகச்சான்றுகள். தட்டச்சு செய்தவை தாளில் மங்குகின்றன. பழைய குறியேற்றத்தில் சேமித்தவை, திறக்கும் பொறியின்றி அலமாரிகளில் கிடக்கின்றன. திஸ்கி முதலியவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 1981-இல் பொதுநூலகத்தை நெருப்புக்குக் கொடுத்த யாழ்ப்பாணத்தவர், 2005-இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தன்னார்வலராகத் தொடங்கி, சிற்றூர்ச் சனசமூக நிலைய மலர்களையும் கோயில் மலர்களையும் பள்ளி மலர்களையும் பக்கம் பக்கமாக வருடிச் சேர்த்துவருகின்றனர். பீடோர், தாப்பா வட்டாரத்துப் பள்ளி மலர்களைத் தொகுக்கத் தேவைப்படுவன ஒரு வருடியும், விடுமுறை நாள்கள் சிலவும், அலமாரியின் சாவியைத் தரும் தலைமையாசிரியர் ஒருவருமே.